33 வருஷம் தாமதமாக வந்த வெள்ளிப் பதக்கம்

போரில் சண்டை போட்ட சிப்பாய்க்கு ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுக்க அரசாங்கத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? பிரிட்டனுக்கு 33 வருஷம் பிடித்தது!

1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியன் படைகளோடு மோதியவர்களில் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும்தான் தங்கப் பதக்கம். சாதாரண சிப்பாய்க்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷமே வாட்டர்லூ வந்தது. அங்கே தளபதி முதல் கடைசி சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம். செத்தவனின் குடும்பத்துக்கும் உண்டு. போதாததற்கு இரண்டு வருஷம் கூடுதல் சர்வீஸ் கணக்கு வேறு! நேற்று சேர்ந்த பையன் பதக்கத்தோடு நடக்க, ஆறு வருஷம் ஸ்பெயினில் அடிபட்டவன் வெறும் சட்டையோடு நின்றான். வயிறு எரியுமா எரியாதா?

ரிச்மண்ட் பிரபு விடாமல் வாதாடினார். எதிர்த்தவர் யார் தெரியுமா? அந்தச் சிப்பாய்களை நடத்திச் சென்ற வெலிங்டனேதான். கடைசியில் 1847 ஜூனில் உத்தரவு வந்தது. பதக்கத்தின் பின்புறத்தில் விக்டோரியா மகாராணி வெற்றி மாலை சூட்ட, வெலிங்டன் மண்டியிட்டிருக்கிறார். வேண்டாம் என்றவருக்கே மாலை! மகாராணி பிறந்ததோ 1819-ல், சண்டையெல்லாம் முடிந்த பிறகு.

இதெல்லாம்கூடப் போகட்டும். நிபந்தனைதான் மோசம். உயிரோடு இருக்க வேண்டும், தானே விண்ணப்பிக்க வேண்டும். வாட்டர்லூவுக்குக் காட்டிய கருணை இந்த விதவைகளுக்கு இல்லை. சுமார் 26,000 பேருக்குத்தான் கிடைத்தது. கடனைத் தள்ளிப்போட்டால் வட்டி ஏறும் என்றுதான் கணக்குப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். இங்கே தள்ளிப்போடப் போட, பாக்கி வரவேண்டியவர்களே செத்துப்போய்க் கடன் தானாகக் குறைந்துவிட்டது! வேண்டுமென்றே செய்தார்களா என்பது வேறு விஷயம். லாபம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் மோசம். 1803-ல் அசாயே போரில் வெலிங்டனுக்காக நின்றவர்களில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் காலத்துப் போர்களுக்கு வெள்ளிப் பதக்கம் அறிவித்தது 1851-ல். அதே நிபந்தனை, உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள்தான். அசாயேயில் 20 வயதில் துப்பாக்கி பிடித்தவருக்கு அப்போது 68 வயது. எங்கோ ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவருக்கு, விண்ணப்பம் போடச் சொல்லி யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?