மறைத்தால் குடிமுழுகும்!

செஞ்சிக் கோட்டை நமக்கு ஒரு பாடம் சொல்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். 1690-ம் ஆண்டில் ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர்கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை சுலபத்தில் விழவில்லை. அதைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று.

அதே கோட்டை 1750-ல் ஒரே இரவில் விழுந்தது! பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை இருட்டில் வந்து, வாசற்கதவை வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே புகுந்தது. கோட்டை அவர்கள் கைக்குப் போயிற்று.

மதில் எவ்வளவு பலமாக இருந்தால் என்ன? வாசல் போனால் எல்லாம் போயிற்று.

2025-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது. செஞ்சிக்குப் பெருமைதான். ஆனால், கோட்டைக்குக் கீழே வாழும் நம்முடைய வீடுகளின் வாசலை யார் காக்கிறார்கள்?

சிநேகிதன் வேஷத்தில்

போதை திருடனைப்போல வருவதில்லை. சிநேகிதனைப்போல வருகிறது.

சந்தையில் ஆடு விற்ற பணம் மடியில் இருக்கும். "வாப்பா, கொஞ்சம்தானே!" என்று தோளில் ஒரு கை விழும். கல்யாண வீட்டில் ஒரு தடவை. திருவிழாவில் ஒரு தடவை. பிறகு உடம்பு வலிக்கு. பிறகு தூக்கம் வருவதற்கு. பிறகு, காரணமே வேண்டாம்.

பள்ளிக்கூடத்துப் பையனிடம் அது வேறு வேஷத்தில் வருகிறது. வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலமாக வருகிறது. கஞ்சாவாக வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையாகவும் வருகிறது.

போதைப் பொருள் மூளையில் போய் வேலை செய்கிறது. முதலில் ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. அதே மகிழ்ச்சிக்கு இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது. கடைசியில் மகிழ்ச்சி போய்விடுகிறது. தேவை மட்டும் நிற்கிறது. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. தூக்கம் வருவதில்லை. அப்போது அது பழக்கம் அல்ல, நோய்!

பக்கத்து ஊரில் நடந்தது

2023-ம் ஆண்டு மே மாதம். நம்முடைய விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊர். அங்கேயும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் அதே கொடுமை. 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். பெயிண்டு, வார்னிஷ் வேலைகளுக்குப் பயன்படும் பொருள். வயிற்றுக்குள் போனதும் அது கொடிய அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைக் கெடுக்கிறது. பார்வை மங்குகிறது. மூச்சு திணறுகிறது.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. ஆனால், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "குடித்தது தெரிந்தால் மானம் போய்விடுமே" என்று வீட்டுக்குள் படுக்க வைத்தால், உயிர் போய்விடும்.

இப்படி ஒரே நாளில் பலர் இறந்தால் ஊர் அலறுகிறது. நாள்தோறும் ஒவ்வொரு வீடாக அழிவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஏன்? நாமே மூடி மறைக்கிறோம்!

முப்பத்தெட்டில் ஒருவர்

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அந்த ஆய்வு கூறியது. அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு உதவி தேவை. கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடிப் பேர்.

இன்னொரு கணக்குதான் நெஞ்சைச் சுடுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்!

மற்ற 37 பேர் எங்கே? வீடுகளுக்குள் இருக்கிறார்கள்.

மனைவி, "அவருக்குக் காய்ச்சல்" என்று வேலை செய்யும் இடத்தில் சொல்கிறாள். தாய், மகனுடைய கடனைத் தகப்பனாருக்குத் தெரியாமல் அடைக்கிறாள். காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. பள்ளிக்கூடம் போகிற பெண், கட்டாத சம்பளத்துக்கு ஏதோ ஒரு காரணம் சொல்கிறாள். குடிப்பவர் ஒருவர், பொய் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ள அத்தனை பேரும்!

இதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. "ஒரு கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான்" என்பது அந்தப் பொய். பெண் வீட்டாரிடம் மறைத்து மணம் முடிக்கிறார்கள். தாலி மருந்து ஆகுமா? ஆகாது. ஒரு குடும்பத்தின் துன்பம் இரண்டு குடும்பத்தின் துன்பமாகும். அவ்வளவுதான்.

மறைக்காத ஒரு பெண்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையாரின் கதையைக் கேளுங்கள். அவருடைய கணவர் பெரிய தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்குக் குறைவில்லை. என்றாலும் குடி நோய் அவருடைய உயிரைக் குடித்தது.

அந்த அம்மையார் அதைக் குடும்ப ரகசியமாகப் பூட்டி வைக்கவில்லை. கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-ல் தொடங்கினார். குடி நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையை உண்டாக்கினார். 1992-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. ஒரு பெண் வாயைத் திறந்தாள். பல வீடுகளில் விளக்கு எரிகிறது.

சட்டம் போதுமா?

சட்டம் வேண்டும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது. பிறகு பலமுறை மாறியது. 2003 முதல் அரசு நிறுவனமே கடை நடத்துகிறது. கடைகள் குறைய வேண்டும். கள்ளச் சாராயத்தை ஒழிக்க வேண்டும். இது அரசின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை.

ஆனால், சட்டம் வெளி மதில். வீட்டு வாசலை வீட்டார்தான் காக்க வேண்டும்.

"வெளியே சொன்னால் போலீஸ் பிடிக்குமே" என்று கஞ்சாவுக்கு அடிமையான பையனின் பெற்றோர் பயப்படுகிறார்கள். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இதற்கு வழி சொல்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுவதும் முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, போதையில் இருக்கும்போது சண்டை போடாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள்.

இரண்டாவதாக, நெடுநாள் அதிகமாகக் குடித்தவரை, "இன்றோடு நிறுத்து" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும்; புத்தி தடுமாறும்; உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மூன்றாவதாக, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எந்த மருந்தையும் கலக்காதீர்கள். சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் ஆளையே கொல்லும்.

நான்காவதாக, செஞ்சி அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி வழி கேளுங்கள். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

திருந்தியவர் மறுபடியும் ஒருமுறை தவறலாம். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று கைவிட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் ஏறி இறங்குவதில்லையா? இதுவும் அப்படித்தான். திரும்பவும் கைபிடித்து அழைத்துப் போங்கள்.

தாய்மார்களே! குடிக்கிறவரின் வெட்கத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். எதிரி வாசலுக்குள் வந்துவிட்டால் காவல்காரன் குரல் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால் கோட்டை விழும்.

இன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லுங்கள். சகோதரரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால் மானம் போகாது. சொன்ன அன்றே வைத்தியம் தொடங்கிவிடுகிறது!