ஒபாமாகேர் சந்தா ஏன் எகிறுகிறது? சண்டை எதற்கு?

2025 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி 43 நாள் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. விமானங்கள் ரத்தானதும், அரசாங்க ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்ததும் உங்கள் கைத்தொலைபேசியில் வந்திருக்கும். சண்டை எதற்கு என்பது அந்த அளவுக்கு வந்திருக்காது. மருத்துவக் காப்புறுதிக்கு அரசாங்கம் கொடுத்துவந்த ஒரு மானியத்தை நீட்டிப்பதா, விடுவதா என்பதுதான் விவகாரம்.

கடைசியில் விட்டுவிட்டார்கள். கூடுதல் மானியம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது.

காப்புறுதிக்கு ஒரு சந்தையா?

அமெரிக்காவில் வேலையிடம் வழியாகக் காப்புறுதி கிடைப்பதுதான் வழக்கம். சொந்தத் தொழில் செய்பவர், டாக்சி ஓட்டுபவர், சின்னக் கடையில் வேலை பார்ப்பவர் எங்கே போவார்? அவர்களுக்காக 2010இல் வந்த சட்டம்தான் ஒபாமாகேர். அரசாங்கம் ஓர் இணையத்தளத்தை நடத்தும். தனியார் நிறுவனங்கள் அதில் திட்டங்களை விற்கும். உங்கள் வருமானத்தைப் பார்த்து, சந்தாவில் ஒரு பகுதியை அரசாங்கம் கட்டும்.

2013 அக்டோபர் 1ஆம் தேதி தளம் திறந்தது, அன்றே திணறியது. முதல் நாளில் பதிவை முடித்தது வெறும் 6 பேர் என்று பின்னர் வெளியான உள்குறிப்புகள் காட்டின. ஆனா அது தொழில்நுட்பக் கோளாறு. சரிசெய்துவிட்டார்கள். உண்மையான சிக்கல் வேறு.

ஆரோக்கியமாக இருப்பவர் ஏன் முக்கியம்?

இந்தச் சந்தையில் ஒரு நல்ல விதி உண்டு. ஏற்கனவே நீரிழிவோ புற்றுநோயோ இருக்கிறது என்று சொல்லி யாரையும் ஒதுக்க முடியாது, கூடுதலாகவும் கேட்க முடியாது. நோயாளிக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், அந்தச் செலவை ஈடுகட்ட நோயில்லாதவர்களும் சந்தா கட்ட வேண்டும்.

உங்களையே யோசிச்சுப் பாருங்க. 27 வயது. பெற்றோரின் காப்புறுதியில் 26 வயது வரைதான் ஒட்டிக்கொள்ள முடியும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாதச் சந்தா திடீரென இருமடங்கானால் என்ன செய்வீங்க? “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடத் தோன்றும்தானே? அப்படிப் பலர் விலகினால், மிஞ்சுவது அதிகம் மருத்துவமனை போகிறவர்கள். நிறுவனம் சந்தாவை மறுபடி ஏற்றும். இன்னும் கொஞ்சப் பேர் விலகுவார்கள்.

இதைத் தடுக்க ஆரம்பத்தில் ஓர் அபராதம் இருந்தது. காப்புறுதி எடுக்காதவர் கட்ட வேண்டும். யாருக்கும் அது பிடிக்கவில்லை. 2019 முதல் அது பூஜ்ஜியம். அதற்கப்புறம் ஆட்களை உள்ளே வைத்திருக்க மிஞ்சியது மானியம்தான்.

சிங்கப்பூரில் இந்தத் தலைவலி ஏன் இல்லை என்பதும் இங்கேதான் புரியும். 2015இல் வந்த மெடிஷீல்ட் லைஃப் எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்துக்கொள்கிறது. விலகும் வாய்ப்பே கிடையாது. சந்தா இங்கேயும் ஏறுகிறது, ஆனால் ஆட்கள் ஓடிவிடுவதால் அல்ல.

மானியம் போனால்?

2021இல், நோய்ப்பரவல் காலத்தில், மானியத்தைப் பெரிதாக்கினார்கள். பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 12 மில்லியனிலிருந்து 2025இல் 24 மில்லியனாகக் கூடினர். இப்போது அது இல்லை. மானியம் பெறுபவர் தம் கையிலிருந்து கட்டும் தொகை ஆண்டுக்குச் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 டாலராகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. இன்னொரு விசித்திரமும் திரும்பிவிட்டது: தனிநபரின் ஆண்டு வருமானம் 62,600 டாலரை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் முழுதும் போய்விடும். முதியவர்களிடம் இளையர்களைவிட 3 மடங்கு வரை சந்தா வாங்கலாம் என்பதால், 60 வயதுக் கடைக்காரருக்குத்தான் அது பலத்த அடி.

குடியரசுக் கட்சியினர் எதிர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. நிரந்தரமாக நீட்டித்தால் 10 ஆண்டில் சுமார் 350 பில்லியன் டாலர் செலவாகும் என்பது நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. மோசடியும் நடந்தது. சந்தா பூஜ்ஜியம் என்றால் பில் வராது, தம் பேரில் ஒரு திட்டம் ஓடுவதே ஆளுக்குத் தெரியாது. முகவர்கள் சிலர் அதைப் பயன்படுத்தி, கேட்காமலே ஆட்களைச் சேர்த்துத் தரகுப் பணம் வாங்கினார்கள். 2024இன் முதல் 8 மாதத்தில் மட்டும் 200,000க்கும் அதிகமான புகார்கள்.

ஜனநாயகக் கட்சி பேசாத ஒன்றும் உண்டு. மானியம் சிகிச்சையின் விலையைக் குறைப்பதில்லை. பில்லை யார் கட்டுவது என்பதைத்தான் மாற்றுகிறது.

நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. ஏட்னா 2026இல் சந்தையிலிருந்தே விலகியது. மற்றவை இந்த ஆண்டு நடுவில், யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று பார்த்து 2027க்கான சந்தாவைக் கேட்கும். புதிய விலையோடு பதிவு தொடங்குவது வழக்கமாக நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு இரண்டே நாள் கழித்து அமெரிக்காவில் இடைத்தவணைத் தேர்தல்.