மலைக்கு மேலே பெய்த மழை



சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் நண்பர்கள் ஈரத் துண்டோடு அலுவலகத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கி, ஆலங்குளம், சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகளையும் சுழற்றத் தொடங்கியிருக்கிறது. அருவிக்கு வருகிறவர்களைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறோம். இந்த முறை காற்றாலைக் கோபுரங்களில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐடிஐயில் எலக்ட்ரீசியனோ ஃபிட்டரோ படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். இடுப்பில் கயிறு, பையில் ஸ்பானர் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். இப்போது லேப்டாப்பும் கூடப் போகிறது. ஒவ்வொரு காற்றாலையின் கண்ட்ரோல் பேனலுக்குள்ளும் ஒரு கணினி இருக்கிறது. காற்றின் வேகம் என்ன, இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது, கியர்பாக்ஸ் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று ஓயாமல் அளந்து, எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்தபடியே காற்றாலையை ஓட விடலாம், நிறுத்தலாம்.

அந்தத் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி 2022 பிப்ரவரி 24 அன்று பார்த்தது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அதே காலையில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் வழி இணையச் சேவையை யாரோ தாக்கினார்கள். குறி உக்ரைன்தான். ஆனால் அதே செயற்கைக்கோளை நம்பியிருந்த எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள், மத்திய ஐரோப்பா எங்கும், கட்டுப்பாட்டு அறையின் கண்ணிலிருந்து மறைந்துபோயின. காற்றாலைகள் நிற்கவில்லை, தம் போக்கில் சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஒன்றில் பழுது வந்தால் தூரத்திலிருந்து அறியவோ சரிசெய்யவோ மட்டும் வழியில்லாமல் போனது. ஆயிரக்கணக்கான மோடம்களின் உள்ளே இருந்த மென்பொருள் அழிக்கப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்யக் காற்றாலை காற்றாலையாக ஆள் போக வேண்டியிருந்தது. போனவர்கள் யார்? நம் ஐடிஐ பிள்ளைகளைப் போலத் தொழிற்பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள்தான்.

இது தனித்த விபத்து என்று ஒதுக்கவும் முடியவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2021 நவம்பரில், காற்றாலை தயாரிக்கும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தின் கணினிகளைப் பூட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் டாய்ச்ச வின்ட்டெக்னிக் என்ற காற்றாலைப் பராமரிப்பு நிறுவனத்துக்கும் அடி விழுந்தது.

டென்மார்க் என்றதும் நமக்குக் கயத்தாறு நினைவுக்கு வர வேண்டும். சென்னையில் 1998ல் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் தொடங்கியபோது, கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் டென்மார்க் அரசின் தொழில்நுட்ப உதவியோடும் ஓரளவு நிதியுதவியோடும் எழுந்தது. காற்றாலையை அளந்து தரம் பார்க்கும் வித்தை இப்படித்தான் நம் கரிசல் மண்ணுக்கு வந்தது. அந்த மையம் இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனமாக வளர்ந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பயிற்சி தருகிறது. நாடுகள் கூடித் தொழில் கற்பிப்பது என்றால் எனக்கு இதுதான் அளவுகோல். ஒரு கருவி வந்தது, அதைக் கையாளும் ஆள் வந்தார், அவர் பக்கத்தில் நின்று நம் ஆள் கற்றுக்கொண்டார், பிறகு அவரே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இணையப் பாதுகாப்பிலும் இது நடக்க வேண்டும். அதுவும் தொழிற்பயிற்சியின் கடைசியில் ஒட்டவைத்த பாடமாக இருக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே வர வேண்டும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஐடிஐ எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். வயரைத் தொடுவதற்கு முன்பே பாதுகாப்புப் பாடம். மின்சாரம் தாக்கியவரை எப்படி விடுவிப்பது, செயற்கைச் சுவாசம் எப்படிக் கொடுப்பது, எந்தத் தீக்கு எந்த அணைப்பான் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மற்றவை. எத்தனையோ உயிர்கள் போன பிறகு உலகம் வகுத்துக்கொண்ட வரிசை அது. கணினி இயக்குநர் பிரிவான 'கோபா'வில் இணையப் பாதுகாப்புக்குப் பாடம் இருக்கிறது. எலக்ட்ரீசியனுக்கும், ஏசி மெக்கானிக்குக்கும், சிஎன்சி ஓட்டுகிறவருக்கும் அதே அளவு கட்டாயமாக அது வேண்டும். இன்று அவர்கள் தொடும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் கணினி இருக்கிறது. தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்தி, ரோபோவும் நவீன எந்திரங்களும் கொண்டுவந்திருப்பது நல்ல காரியம். அந்த எந்திரத்துக்குத் தொழிற்சாலை வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும், கண்ட பென் டிரைவைச் செருகக் கூடாது, அப்டேட் என்று வரும் மெயில் உண்மையில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் அதே பட்டறையில், அதே வாத்தியாரிடம் கற்க வேண்டியவை.

சரி, வெளிநாட்டுக்காரர் எதற்கு? நம் ஊரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நாமே போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. அருவிக்குக் கீழே நிற்கிறவருக்கு, மலைக்கு மேலே காட்டுக்குள் பெய்த மழை தெரியாது. மேலே இருக்கிறவர் சொன்னால்தான் கீழே இருக்கிறவர் கரையேற முடியும். இணையத் தாக்குதலும் எங்கோ பெய்து இங்கே வந்து இறங்குகிறது. எந்த மென்பொருளில் எந்த ஓட்டை என்பதை முதலில் கண்டவர் மற்றவர்களுக்குச் சொல்ல, 1999 முதல் 'சிவிஇ' என்ற பொது எண் முறை இருக்கிறது. உலகில் எங்கே ஓட்டை கண்டாலும் அதற்கு ஒரே எண், எல்லோரும் அதை வைத்தே பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் அந்த ஏற்பாடு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து நின்றுபோகும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் நீட்டிக்கப்பட்டது. இத்தனை நாடுகள் நம்பியிருக்கும் ஒன்றை ஒரே நாட்டின் பணப்பை தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

இதில் நாம் கேட்கும் பக்கத்தில் மட்டும் இல்லை, சொல்லும் பக்கத்திலும் இருக்கிறோம். தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறையை நினைத்துப் பாருங்கள். 2011ல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ தென்காசிக்கு வந்தது. அதன் ஜோஹோ டெஸ்க் மென்பொருள் இங்கே உருவாகி உலகெங்கும் போகிறது. பட்டம் கேட்காமல், பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளியை அந்நிறுவனம் நடத்துகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஆறு மாணவர்களோடு தொடங்கியது அது. ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள் ஒன்றை அந்நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு தருகிறது. அதில் 2021ல் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதைப் பயன்படுத்தித் திருடர்கள் நுழையவும் தொடங்கியிருந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் ஓட்டையை அடைத்த பதிப்பை வெளியிட்டது. அதே மாதம் 16ம் தேதி அமெரிக்காவின் எஃப்பிஐயும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் கடலோரக் காவல் படையின் பிரிவும் சேர்ந்து எல்லோரையும் எச்சரித்தன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கும் இது நேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் நிரலில் ஒரு வரி தவறினால் அமெரிக்காவில் எச்சரிக்கை விடுகிறார்கள் என்றால், நிரல் எழுதக் கற்கும் பிள்ளைக்கு முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இலவசப் பாடங்களுக்குக் குறைவில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் இருக்கிறது. 2022ல் வந்த நான் முதல்வன் திட்டமும் பல பன்னாட்டு நிறுவனங்களின் பாடங்களைக் கொண்டுவருகிறது. படியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீடியோ பார்த்து வாங்கும் சான்றிதழால் மட்டும் கை பழகாது. அதற்கு முதலில் வாத்தியார்கள் பழக வேண்டும். 1973ல் தொடங்கி இன்று மணிலாவில் இருக்கும் கொழும்புத் திட்டப் பணியாளர் கல்லூரி ஆசிய நாடுகளின் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்காகவே நடக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964 முதல் இருக்கிறது. தென்காசியிலும் கடையநல்லூரிலும் பாடம் எடுக்கும் ஐடிஐ ஆசிரியர், ஜெர்மன் தொழிற்பள்ளி ஆசிரியரோடும் யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியரோடும் இப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரே பட்டறையில் நின்று, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு கண்ட்ரோல் பேனலைச் சரிசெய்து பழகினால், திரும்பி வந்து அதைத் தமிழில் நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணினி தெரிந்த பிள்ளை என்பதாலேயே மோசடிக் கும்பல்கள் வலை விரிக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து, அங்கிருந்து நம்மவர்களையே ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் கொண்டுவந்து சேர்த்தன. திறமையைக் கற்பிக்கும் இடத்திலேயே இந்த எச்சரிக்கையையும் கற்பித்தாக வேண்டும். வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், ஏஜென்டுக்கு அரசுப் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். இணையத்தில் பணம் போனால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த இதழ் முதல் இணையப் பாதுகாப்புக்கென இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். காற்றாலையில் வேலை பார்க்கிறவர்கள், ஐடிஐ ஆசிரியர்கள், சிங்கப்பூரிலோ துபாயிலோ இணையப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எழுதுங்கள். பட்டறையில் நீங்கள் பார்த்த ஒரே ஒரு சம்பவமும், அதை எப்படித் தடுத்திருக்கலாம் என்பதும் போதும். முதல் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதினால் எங்களுக்குத் திருத்தும் வேலை மிச்சம்.

அன்புடன்,
ஆசிரியர்