வளைவு வேண்டாம், கட்டை போதும்

மலேசியத் தமிழர்களைச் சந்தோஷப்படுத்த ஒரு வளைவு போதும். இரண்டு தூண், மேலே கோபுரச் சாயலில் ஏதோ ஒன்று, நடுவில் ‘நல்வரவு’. திறந்துவைக்க ஒரு அமைச்சர், ஆளுயர மாலை, நாதஸ்வரம், மறுநாள் நாளிதழில் முதல் பக்கப் படம். அப்புறம் பத்து வருஷத்துக்கு அந்த வட்டாரத்தில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். மீறிக் கேட்டால், ‘அதான் வளைவு கட்டிக் கொடுத்தோமே’ என்ற பதில் தயாராக இருக்கும்.

நாட்டிலேயே பெரிய உதாரணம் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அதை ‘லிட்டில் இந்தியா’வாகத் திறந்துவைத்தார்கள். இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயில் 2015 நவம்பர் 23-இல்தான் திறப்பு விழா கண்டது. ஐந்து வருஷம். அதற்குள் இந்தியாவில் ஆட்சியே மாறி, திறந்துவைக்க வந்தவர் மோடி. தாமதத்தை விடுங்கள், வந்து சேர்ந்தது என்ன? சாஞ்சி ஸ்தூபியின் தோரணத்தை மாதிரியாகக் கொண்ட வாயில். சாஞ்சி மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. பௌத்தக் கலையின் சிகரங்களில் ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தது யார்? ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள், மலையாளிகள், பக்கத்திலேயே சீனர்கள். செங்கல் சூளையும் தண்டவாளமும்தான் அந்த இடத்தின் கதை. அந்தக் கதைக்கும் சாஞ்சிக்கும் என்ன உறவு? இரண்டு அரசாங்கங்கள் கைகுலுக்க ஒரு கல் தேவைப்பட்டது. குடியிருந்தவர்கள் அந்தப் படத்தில் பின்னணி.

வரவேற்புப் பலகை யாருக்காக வைக்கப்படுகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். ஊர்க்காரனுக்கு அது தேவையில்லை. அவனுக்கு வழி தெரியும். அது வருகிறவனுக்கு, அதாவது காசோடு வருகிறவனுக்கு. உலகம் முழுக்கப் போட்டோ எடுக்கப்படும் ஹாலிவுட் எழுத்துகள் 1923-இல் மனை விற்பதற்காக வைத்த விளம்பரம். அப்போது அது ‘ஹாலிவுட்லேண்ட்’. 1949-இல்தான் கடைசி நான்கு எழுத்தைக் கழற்றினார்கள். லாஸ் வேகஸின் வரவேற்புப் பலகையை 1959-இல் பெட்டி வில்லிஸ் என்ற பெண் வடிவமைத்தார். அதற்கு அவர் பதிப்புரிமைகூட வாங்கவில்லை. விளம்பரமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இது சூதாட்ட ஊர், இது இங்கே வளர்ந்த ஒருத்தி வரைந்த நியான் விளக்கு, அவ்வளவுதான். நம் வளைவுகள் விளம்பரமாகவும் இல்லை, நினைவாகவும் இல்லை. ‘இந்தியர்களுக்கும் ஏதோ செய்தோம்’ என்பதற்கான ரசீது.

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறவன் என்பதால் இந்த ரசீது எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும். சாலைக்கு மேலே எதைக் கட்டினாலும் லாரி போகிற உயரம் பார்க்க வேண்டும், காற்றழுத்தம் கணக்கிட வேண்டும், சாலை யாருடையது என்று பார்த்து அனுமதி வாங்க வேண்டும். ஈப்போவில் இன்னொரு தலைவலி: கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை. அதற்குள் பொந்துகள். மேலே பார்த்தால் கெட்டியான தரை, கீழே வெற்றிடம் இருக்கலாம். அதனால் துளையிட்டு மண்ணைச் சோதிக்காமல் அடித்தளம் போடக் கூடாது. இதற்கெல்லாம் நியாயமாகவே மாதக்கணக்கில் ஆகும். அறிக்கை வரும், கையெழுத்து வரும். மலாய் வாசகம் சரியாக இருக்கிறதா என்று டேவான் பகாசா டான் புஸ்தாகாவிடம் உறுதிப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. தேசிய மொழியைப் பிழையில்லாமல் எழுத ஒரு நாடு அக்கறைப்படுவது சரியான காரியம்தான்.

தமிழ் வாசகத்தை யார் பார்க்கிறார்கள்? யாருமில்லை. கூட்டத்தில் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதை அச்சுக்கடைப் பையன் வெட்டி ஒட்டுவான். அவன் மென்பொருள் இந்திய எழுத்துகளுக்குத் தயார்செய்யப்பட்டிருக்காது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘வரவேற்கிறோம்’ என்ற சொல்லிலேயே இரண்டு இடத்தில் கொம்பு இருக்கிறது. ஆகவே வரவேற்கும்போதே இரண்டு தடவை தடுக்கி விழுகிறோம். அடித்தளத்துக்கு ஒரு பொறியாளர் கையெழுத்து, மலாய்க்கு ஒரு நிறுவனம், தமிழுக்கு ‘சும்மா போடுப்பா, யார் படிக்கப் போறா’. முரசு அஞ்சலை உருவாக்கிய, ஆப்பிள் கணினிகளில் வரும் ‘இணைமதி’ எழுத்துருவைக் கொடுத்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். அந்த நாட்டில்தான் இந்தக் கூத்து. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூர் மட்டும் என்ன வாழுது? 2014-இல் ‘லாவ் பா சாட்’ உணவங்காடிக்கான பலகையில் ‘சாட்’ என்பது ‘சனி’ ஆகிவிட்டது. சாப்பிட வந்தவனைச் சனி பிடித்தது. சட்டத்தில் இடம் இருப்பது வேறு, படித்துப் பார்க்க ஆள் இருப்பது வேறு.

இதனால் பெயர்ப்பலகை அற்ப விஷயம் என்று சொல்ல வரவில்லை. அது அற்பமாக இருந்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள். 2008-இல் பினாங்கு அரசு ஜார்ஜ் டவுனில் பன்மொழித் தெருப் பலகைகளை வைத்தபோது எவ்வளவு எதிர்ப்பு! 2018-இல் ஷா ஆலாமில் சீனமும் இருந்த தெருப் பலகைகளை மாற்றச் சொல்லி சிலாங்கூர் சுல்தானே ஆணையிட்டார். பெயர் எழுதுகிறவன் கையில்தான் ஊர் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஈப்போவுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர். அதன் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பில் விஷமாகத் தடவினார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரம் ஒன்று நிற்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் 1909-இல் எழுப்பிய பிர்ச் நினைவு மணிக்கூண்டு. 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிர்ச்சுக்காக எழுப்பியது. அதைச் சுற்றி உலக நாகரிகத்தின் பிரதிநிதிகளாக 44 உருவங்கள். புத்தர், மோசஸ், ஷேக்ஸ்பியர், டார்வின் எல்லாரும் உண்டு. ஈயம் அள்ளியவனும் பால் மரம் வெட்டியவனும் நாகரிகத்தில் சேரவில்லை போல. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் என்ன செய்தது? கோபுரத்தை இடிக்கவில்லை. பக்கத்துச் சாலைக்கு, பிர்ச் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ மகாராஜா லேலாவின் பெயரை வைத்தது. கல்லுக்கு ஒரு பெயரால் பதில். எனக்குத் தெரிந்து ஈப்போவிலேயே ஆகச் சிறந்த பெயர்ப்பலகை அதுதான்.

நம்மிடமும் அப்படி ஒரு பதில் இருந்தது. ‘ஈப்போ’ என்ற நம் எழுத்தையே பாருங்கள். எந்தக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. காதில் விழுந்ததை நம் ஆட்கள் எழுதினார்கள், நிலைத்துவிட்டது. இப்போது இணையத்தைப் பார்த்து ‘இபோ’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. 2020-இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, கேலி தாங்காமல் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. நோக்கம் நல்லதுதான். மேலிருந்து பட்டியலாக வந்த பெயர் வாயில் ஒட்டவில்லை.

தோட்டத்தில் பெயர் கீழிருந்து வந்தது. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஆபீஸ் பலகையில் இருக்கும். ஜனங்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மைல்கல்லுக்குக் ‘கட்டை’ என்று பெயர் வைத்து, சாலையையே எண்ணால் அளந்தார்கள்: மூணாங்கட்டை, ஏழாங்கட்டை. என் பாட்டி கடைசிவரை ‘ஏழாங்கட்டைத் தோட்டத்துல பொறந்தவ நான்’ என்றுதான் சொன்னார். அந்தத் தோட்டத்தின் பதிவுப் பெயர் அவருக்குத் தேவைப்படவே இல்லை. இன்று அங்கே செம்பனை. சாலையோரம் புதுத் தாமானின் பெயர் பெரிய எழுத்தில் பளபளக்கிறது. ‘ஏழாங்கட்டை’ எந்த வரைபடத்திலும் இல்லை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில் தோட்டத்தின் பெயர் மட்டும் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறது. ஏன்? 1948 ஜூன் 16-இல் அங்கும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் தொடங்கியது. துரை செத்தால் தோட்டத்துக்குப் பெயர் நிலைக்கும். ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து ஜனங்கள் நடுத்தெருவில் நின்றதும், அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியால் தோட்டங்களை வாங்கியதும் நடந்தது. ஆனால் துண்டான தோட்டங்களின் பெயர்களை எத்தனை பேருக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும்?

ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பெயர்கள் மிச்சமிருக்கின்றன: தமிழ்ப் பள்ளியின் பெயர்ப்பலகை. தோட்டம் விற்றாகிவிட்டது, லயம் இடித்தாகிவிட்டது, பள்ளி பட்டணத்துக்கே இடம் மாறிவிட்டது. ஆனாலும் பலகையில் ‘லாடாங்’ என்று போட்டுத் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. பேராக்கின் உண்மையான வரவேற்புப் பலகைகள் இவைதான் என்று நினைக்கிறேன். இதிலும் கை வைக்கிறோம். ‘அந்த லாடாங்கை எடுத்துடலாம், பிள்ளைங்களுக்குக் கேவலமா இருக்கு’ என்று பேசும் பெற்றோரைக் கேட்டிருக்கிறேன். கேவலமா? நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனதில் என்ன கேவலம்? சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காதவன்தான் வெட்கப்பட வேண்டும்.

எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். ‘தம்பி, கொடுத்ததையும் வேணாம்னு சொல்றியா?’ ஆமாம் அண்ணே, வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கேட்டதைக் கொடுத்தால் வாங்கலாம். ரசீதை வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்ததாக எழுதிவிடுவார்கள். ‘குடியுரிமை இல்லாதவன், வீடில்லாதவன் இருக்கும்போது பலகைதான் முக்கியமா?’ நியாயமான கேள்வி. அதை வளைவுக்கு நிதி கேட்டு மனு எழுதுகிறவர்களிடமும் கேளுங்கள். தவிர, வீடில்லாமல் போனவன் எங்கிருந்து வெளியேற்றப்பட்டான் என்று சொல்ல ஓர் இடப்பெயர் வேண்டும். ‘சட்டம் விடாது’ என்பார்கள். அதிகாரப்பூர்வ காரியங்கள் தவிர மற்றவற்றில் எந்த மொழியையும் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு சொல்கிறது. சாலைக்கு மேலே கட்டினால் ஆயிரம் அனுமதி வேண்டும். பள்ளி வளாகத்துக்குள்ளும் நிலப்பட்டா இருக்கும் கோயில் வளாகத்துக்குள்ளும் அவ்வளவு அலைச்சல் இருக்காது.

ஆகவே நான் கேட்பது கட்டை. மூன்றடி உயரக் காங்கிரீட் கல். அதில் தோட்டத்தின் பதிவுப் பெயர், ஜனங்கள் அழைத்த பெயர், எந்த வருஷம் மூடப்பட்டது, ஆட்கள் எந்தத் தாமானுக்குப் போனார்கள். தமிழிலும் மலாயிலும், கொம்பு சரியான இடத்தில். ஒரு வளைவின் திறப்பு விழாச் சாப்பாட்டுச் செலவில் இப்படிப் பல கற்கள் வார்த்துவிடலாம். அமைச்சர் வரவேண்டிய அவசியமில்லை. கல் செய்வது சுலபம். மேலே எழுதுவதற்குப் பெயர் வேண்டும், அது எண்பது வயதுக்காரர்களின் வாயில் இருக்கிறது. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும் அவர்கள் இன்னும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவிதை எழுதுகிற, கதை எழுதுகிற நாம் இந்த வருஷ இறுதிக்குள் ஆளுக்குப் பத்துப் பேரிடம் போய்க் கேட்டு எழுதினால், அடுத்த வளைவுக்கு மனு போடுகிறவரிடம் நீட்ட நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கும்.