நாய்ச்சண்டையும் நாட்டாமையும்

ஒரே வீட்டில் மூன்று நாய்கள் வளர்ப்பவர், அவை அடிக்கடி கடித்துக்கொள்கின்றன என்று குறைப்பட்டால், கேட்பவர் தயங்காமல் ஒரு தீர்ப்பை வழங்குவார்: "அதுகளுக்குள் யார் தலைவன் என்று முடிவாகட்டும், நீங்கள் தலையிடாதீர்கள்." கொஞ்சம் 'விஷயம் தெரிந்தவர்' என்றால், அந்தத் தலைவனுக்கே முதலில் சோறு வைக்கவும் சொல்வார். இவ்வறிவுரை பிழையானது மட்டுமன்று, கொடியதும்கூட என்பதே நம் தரப்பு.

இக்கருத்தின் பூர்வீகம் 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல், அடைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதிய கட்டுரை. 1970இல் டேவிட் மெக் தம் நூலின் வழியே அதைப் பரவலாக்கினார். அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கண்ட பின், 1999இல் அதை மறுத்து எழுதினார். இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்; அங்கே அரியணைப் போட்டி இல்லை. பரப்பியவரே கைவிட்டுக் கால் நூற்றாண்டு கடந்தும் நம் வீட்டுக் கூடங்களில் அக்கருத்து கொலுவீற்றிருப்பது ஏன்? மூவர் கூடினால் மேல், கீழ் என வரிசை கட்டாமல் இருக்கவியலாத நம் மனத்துக்கு அது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டு நாய்களின் பூசலுக்குக் காரணம் பெரும்பாலும் சோற்றுத்தட்டு, எலும்பு, படுக்குமிடம், குறுகிய வாசற்படி, வீட்டாரின் மடி ஆகியவையே. எனவே தட்டுகளை வெவ்வேறு அறைகளில் வைக்க வேண்டும். எலும்பைத் தனித்தனியே கொடுத்து, தின்று முடித்தபின் சேரவிட வேண்டும். உறுமும் நாயை அடிக்கக் கூடாது. உறுமல் அதன் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். ஆண்டுக்கணக்கில் சாதுவாயிருந்த கிழநாய் திடீரெனச் சீறினால், மூட்டுவலியோ காதுப்புண்ணோ இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சண்டை மூண்டபின் கையை நீட்டாமல், பலகையையோ கனத்த போர்வையையோ இடையே செலுத்திப் பிரித்து, தனித்தனி அறைகளில் ஆறவிட வேண்டும்.

"நம் முன்னோர் இப்படியெல்லாம் பார்த்தா நாய் வளர்த்தார்கள்?" என்று கேட்பார்கள். அன்று நாய் தெருவிலும் தோப்பிலும் திரிந்தது. ஒத்துவராதது விலகிப்போக இடமிருந்தது. இன்று அடுக்ககத்தின் இரண்டு அறைகளுக்குள் ஒரு ராஜபாளையத்தையும் ஒரு லாப்ரடாரையும் பூட்டிவைத்து, "தாமே தீர்த்துக்கொள்ளட்டும்" என்கிறோம். ஷெங்கெல் கண்ட அடைப்பை நாமே கட்டிவிட்டு, அதில் நடப்பதை இயற்கை என்று அழைக்கிறோம்.

இவ்வளவு சினம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். தலையிடாமல் வேடிக்கை பார்த்தவர்கள்தாம், காயம் பெரிதானதும் தோற்ற நாயை வண்டியிலேற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வருகிறார்கள். பசியிலும் தாகத்திலும் வாட நேரும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கிறது. இரண்டாவது நாயைக் கொண்டுவருமுன், அதற்கென்று தனித்தட்டும் தனியிடமும் தர நம்மால் இயலுமா என்று கேட்டுக்கொள்வோம். இயலாதெனில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம்.