பூனைக்கு வரும் நீரடைப்பு: குற்றவாளி தீனிப் பையிலா?

அமெரிக்காவில் இரவு நேர மிருக ஆஸ்பத்திரிகளுக்கு அவசரமாகத் தூக்கிக்கொண்டு வரப்படும் பிராணிகளில் ஆண் பூனைக்குத் தனி இடம் உண்டு. கொண்டு வருகிறவர்கள் சொல்லும் விவரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பூனை மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறது, உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, பின்புறத்தை ஓயாமல் நக்குகிறது. மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. டாக்டர் வயிற்றைத் தொட்டதும் பெரிய எலுமிச்சம்பழத்தைப் போல இறுகிய உருண்டை ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது. அது மலமல்ல. வெளியேற வழியில்லாமல் மூத்திரம் நிரம்பிய பை.

அடைப்பை நீக்கிவிட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அத்துடன் தொல்லை தீர்வதில்லை. இரண்டு மாதமோ ஆறு மாதமோ கழித்து அதே பூனை அதே கோளாறுடன் திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆகும் செலவைத் தாங்க முடியாமல், அருமையாக வளர்த்த பூனையை ஊசி போட்டு முடித்துவிடச் சம்மதிக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. நோய் இன்னதென்று தெரிந்திருந்தும், பணம் இல்லாததால் போகிற உயிர்கள் அவை.

மேல்நாட்டுப் பூனையின் கதை இங்கே எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டு நகரங்களிலும் பூனையின் வாழ்க்கை மாறி வருகிறது. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடி எலி பிடித்த பூனை, இப்போது அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் கதவுக்குள் இருக்கிறது. பையில் அடைத்து விற்கும் உலர்ந்த தீனியைத் தின்கிறது. அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் நடந்த மாறுதல் இதுவே. அதன் பின்னே வந்த நீரடைப்பும், காரணத்தைத் தேடி நிபுணர்கள் அலைந்த அலைச்சலும் இங்குள்ள பூனைப் பிரியர்களுக்கும் உபயோகமான பாடங்கள்.

ஆண் பூனைக்கு மட்டும் ஏன்?

மூத்திரப் பையில் எரிச்சலும் வீக்கமும் பெண் பூனைக்கும் வரத்தான் செய்கின்றன. ஆனால் அதன் நீர்த்தாரை குட்டையானது, அகலமானது. சிறு மணலானாலும் சளியானாலும் வெளியே வந்துவிடும். ஆணின் தாரையோ நீளமானது. நுனிக்குச் சமீபத்தில் மிகவும் ஒடுங்குகிறது. பொடிக் கற்களும் சளியும் சேர்ந்து பசைபோல் இறுகி அங்கே தக்கையாக அமர்ந்துவிடுகின்றன. தக்கை இல்லாமலே, வீக்கத்தாலும் தசைப் பிடிப்பாலும் தாரை மூடிக்கொள்வதும் உண்டு.

அடைத்த பிறகு நேரந்தான் எதிரி. மூத்திரத்தோடு போக வேண்டிய விஷங்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. பொட்டாசியம் என்னும் உப்பு மிஞ்சினால் இருதயத் துடிப்பு தளர்ந்து நின்றுவிடும். முற்றும் அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாளில் இறந்துபோகும். ஆகவே தட்டில் அமர்ந்து முக்கியும் சொட்டு நீர் போகாத ஆண் பூனையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. வலிக்கு வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது இன்னும் மோசம். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம். ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடக்கூடும்.

சாம்பல்மேல் விழுந்த பழி

1947-ம் ஆண்டு மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்ட் லோவ் என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தார். அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. அதுவரை இயற்கைக் கடனுக்கு வெளியே போய் வந்த பூனைக்கு இனி வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. தீனியும் மாறிற்று. யுத்த காலத்தில் தகரம் கிடைக்காமல் டப்பாத் தீனி சுருங்கியதிலிருந்து உலர்தீனி தலையெடுத்தது. விலை மலிவு, கெடாது, கையில் ஒட்டாது. யந்திரத்தில் பிதுக்கிப் பொரித்தெடுக்கும் முறை 1950-களின் கடைசியில் வந்தபின், தட்டில் கொட்டினால் கலகலவென்று ஓசை எழுப்பும் உருண்டைகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில் நீரடைப்பு பெருந்தொல்லையாகக் கண்ணில் படத் தொடங்கியது. கார்னெல் சர்வகலாசாலையில் ஒரு வைரஸ்மீது சந்தேகம் எழுந்தது. அது பிற்பாடு உறுதிப்படவில்லை. குட்டியிலேயே காயடிப்பதால் தாரை வளராமல் போகிறது என்றார்கள். அளந்து பார்த்ததில் அதுவும் நிற்கவில்லை. கடைசியில் பழி தீனிமேல் விழுந்தது. பூனைகளிடமிருந்து எடுத்த கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரூவைட் என்னும் இனம். மக்னீசியம், அம்மோனியா, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து உண்டாவது. தீனியில் மக்னீசியம் மிகுதி என்று கண்டதும் அதைக் குறைக்கும் ஏற்பாடு நடந்தது. சாம்பல் சத்து குறைந்த தீனி என்று பைகளின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டார்கள். சாம்பல் என்றால் தீனியை எரித்தபின் மிஞ்சும் தாதுக்களின் மொத்தம். மக்னீசியம் அதில் ஒரு சிறு பங்குதான். விளம்பரத்துக்கு அந்த வித்தியாசம் அவசியப்படவில்லை.

உண்மை சற்று வேறாக இருந்தது. மக்னீசியம் ஆக்ஸைடு கலந்த தீனி தின்ற பூனைகளுக்குக் கல் உண்டாயிற்று. மக்னீசியம் குளோரைடு கலந்த தீனி தின்றவற்றுக்கு உண்டாகவில்லை. முன்னது மூத்திரத்தைக் காரமாக்குகிறது, பின்னது அமிலமாக்குகிறது. அமிலத்தில் ஸ்ட்ரூவைட் கரைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட கம்பெனிகள் 1980-களில் தீனியை அமிலப் பக்கம் திருப்பின. ஸ்ட்ரூவைட் குறையத் தொடங்கிற்று.

வெற்றி என்று சொல்வதற்குள் இன்னொரு கல் தலைகாட்டியது. மின்னஸோட்டா சர்வகலாசாலையில் கார்ல் ஆஸ்பார்ன் என்ற பேராசிரியர் 1981-ல் ஒரு கல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். மிருக வைத்தியர்கள் அனுப்பும் கற்களைச் சோதித்துச் சொல்வது அதன் வேலை. முதல் வருஷத்தில் பூனைக் கற்களில் 100-க்கு 78 ஸ்ட்ரூவைட். கால்சியம் ஆக்ஸலேட் 2 மட்டுமே. 1990-களின் நடுவிலோ ஆக்ஸலேட் முந்திக்கொண்டு பாதிக்கு மேலாகிவிட்டது. மூத்திரத்தை அமிலமாக்கியதும் மக்னீசியத்தை வெட்டியதும் இதற்குத் துணை போயின என்பது நிபுணர் பலரின் அபிப்பிராயம். ஸ்ட்ரூவைட்டையாவது தீனியை மாற்றிச் சில வாரங்களில் கரைக்கலாம். ஆக்ஸலேட்டை எந்தத் தீனியும் கரைக்காது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். தீனிச் சேர்மானத்தை மறுபடி திருத்தியபின், 2000-களில் இரண்டு கற்களும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்தன.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சிரமத்துடன் வரும் இளவயதுப் பூனைகளைச் சோதித்ததில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. காரணம் கண்டுபிடிக்க முடியாத மூத்திரப் பை வீக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் கிருமி இருப்பதுண்டு. இளம் பூனைகளில் அது மிகச் சொற்பம். இருந்தும் கிருமி கொல்லி மருந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அடைப்பில்லாத வீக்கம் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும் இயல்புடையது. ஆகவே எந்த மருந்து கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

தண்ணீரும் தாகமும்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை. இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு, மூத்திரத்தை மிகச் சுண்டச் செய்து வெளியேற்றுவது அதன் குலவழக்கம். ஓர் எலியின் உடம்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. உலர்தீனியில் 100-க்கு சுமார் 10 பங்குதான். வித்தியாசத்தைக் குடித்துச் சரிக்கட்ட வேண்டும். பூனை அவ்வளவு குடிப்பதில்லை. தாகம் மந்தமான பிராணி அது.

1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்த இடத்தைத் தொட்டது. காரணமில்லாத வீக்கம் வந்து தெளிந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒரே விதச் சேர்மானமுள்ள தீனியை டப்பாவில் ஈரமாகவும், மற்றொரு பகுதிக்கு உலர்ந்த உருண்டையாகவும் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். ஈரத்தீனி தின்ற 18 பூனைகளில் 2-க்குத்தான் நோய் திரும்பிற்று. உலர்தீனி தின்ற 28-ல் 11-க்குத் திரும்பிற்று. சிறிய ஆராய்ச்சிதான். ஆனால் மக்னீசியத்தையும் சாம்பலையும் பற்றி இருபது வருஷம் நடந்த வாதத்தைவிட, வீட்டில் பூனை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு எண்கள் அதிகம் சொல்லுகின்றன.

உலர்தீனி விஷம் என்று இதற்கு அர்த்தமல்ல. அதையே தின்று ஆயுள் முழுதும் நோயின்றி இருக்கும் பூனைகள்தாம் மிகுதி. அப்படியானால் ஒரே பையிலிருந்து தின்னும் இரண்டு பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் டோனி பஃபிங்டன் என்ற நிபுணர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். நோயுள்ள பூனைகளை வாங்கி வளர்த்து ஆராய்ந்ததில், கோளாறு பையோடு நிற்கவில்லை என்று கண்டார். அச்சம் வந்தால் உடம்பை உஷார்ப்படுத்தும் நரம்புகள் இப்பூனைகளில் ஓய்வின்றி முறுக்கேறி இருந்தன. 2011-ல் அவரும் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 12 நல்ல பூனைகள், 20 நோய்ப் பூனைகள்; 77 வார காலம். தீனி வேளை தவறிய வாரங்களிலும், பழகிய ஆள் மாறிய வாரங்களிலும் நோய்ப் பூனைகள் மட்டுமல்ல, நல்ல பூனைகளும் வாந்தி எடுத்தன, தீனியை ஒதுக்கின, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தன. ஆள் மாறாமல் வேளை தவறாமல் பார்த்துக்கொண்டபோது நோய்ப் பூனைகளும் பெரிதும் தேறின.

வீடு மாறியது, விருந்தாளி தங்கியது, குழந்தை பிறந்தது, பக்கத்து வீட்டுப் பூனை சன்னல் வழியே முறைத்தது எல்லாம் பூனைக்குச் சிறு விஷயங்களல்ல. வீட்டில் இரண்டு பூனை இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தட்டுக்கருகே அண்டவிடாமல் செய்வதை வீட்டுக்காரர் கவனிப்பதே இல்லை. சண்டை போட்டால்தானே தெரியும்! ஒரு பூனைக்கு ஒரு தட்டு, அதற்குமேல் இன்னொன்று என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. தீனித் தட்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தள்ளித் தள்ளி வைப்பது, ஏறி உட்கார உயரமான இடம் தருவது, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியாவது கொடுப்பது, தினமும் சற்று நேரம் விளையாட்டுக் காட்டுவது ஆகியவை நோய் திரும்புவதைக் குறைப்பதாக அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

பணம் குறைந்தவர்களுக்கும் ஒஹையோவிலிருந்து ஒரு நல்ல சேதி 2010-ல் வந்தது. அடைபட்ட தாரையில் குழாய் செலுத்தி, பூனையைச் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது வழக்கமான சிகிச்சை. அதற்குச் செலவழிக்க இயலாதவர்களின் பூனைகள் 15-ஐ எட்வர்ட் கூப்பர் என்ற டாக்டரும் சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். குழாய் போடவில்லை. வலி தணிக்கவும் மயக்கவும் மருந்து கொடுத்தார்கள். ஊசி மூலம் பையைக் காலி செய்தார்கள். நாய் குரைக்காத, வெளிச்சம் குறைந்த இடத்தில் விட்டார்கள். 11 பூனைகள் தாமே மூத்திரம் பெய்து வீடு திரும்பின. நான்கு பூனைகளுக்கு இது பலிக்கவில்லை. இரத்தத்தில் விஷம் மிகுந்த பூனைகளை முதலிலேயே விலக்கிவிட்டிருந்தார்கள். ஆகையால் இது வீட்டு வைத்தியமல்ல, குழாய்க்குச் சமமானதும் அல்ல. ஊசி போட்டு முடித்துவிடுவது என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு வழி, அவ்வளவே.

பல தடவை அடைபட்ட பூனைக்குத் தாரையின் ஒடுங்கிய நுனியை அகற்றி அகலமான வாய் அமைக்கும் ஆப்பரேஷனும் உண்டு. அது அடைப்பைத் தடுக்கும். பையின் வீக்கத்தைத் தடுக்காது. பின்னால் கிருமி ஏற இடமும் கொடுக்கும்.

இங்கே

தமிழ்நாட்டில் பூனைத் தீனி விற்கும் கடைகளில் ஈரத்தீனியும் சிறு பொட்டலங்களில் கிடைக்கத்தான் செய்கிறது. நாள் முழுவதற்கும் அதையே போடுவதென்றால் உலர்தீனியைவிடச் செலவு பல மடங்கு; எல்லோராலும் ஆகாது. ஒருவேளை ஈரத்தீனி, மறுவேளை உலர்தீனியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் கூழாக்கி வைத்தால் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதல் வாரம் ஒரு கரண்டித் தண்ணீர், அடுத்த வாரம் இரண்டு என்று கூட்டிப் போக வேண்டும். இந்த ஊரின் வெயிலில் ஊறிய தீனி சீக்கிரம் புளித்துவிடுமாதலால், தின்றதுபோக மிச்சத்தை எடுத்துவிடுவதும் அவசியம். உப்பும் வெங்காயமும் சேர்ந்த மீன்குழம்புச் சோற்றை இதற்குப் பதிலாகப் போடுவது சரியல்ல. வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

கல்லைக் கரைக்கும் விசேஷத் தீனிகளும் விற்கின்றன. எந்தக் கல் என்று மூத்திரத்தையும் எக்ஸ்ரே படத்தையும் பார்க்காமல் கடைக்காரர் யோசனையில் அதை வாங்கிப் போடுவது வீண். ஸ்ட்ரூவைட்டுக்கான அமிலத் தீனி, ஆக்ஸலேட் உள்ள பூனைக்கு ஆகாது. கல்லே இல்லாத பூனைக்கு அது தேவையும் இல்லை.

மணல் தட்டைச் சுத்தம் செய்கிறவர் யாரோ அவருக்குத்தான் நோய் முதலில் தெரியவரும். தினமும் இத்தனை ஈரக்கட்டி என்று ஒரு கணக்கு மனசில் இருந்தால் போதும். கட்டிகள் பொடிப்பொடியாகவும் பலவாகவும் ஆனால் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சிவப்பாக இருந்தால் இரத்தம். நேற்று மாலை சுத்தம் செய்த தட்டில் காலையில் பூனையின் கால்தடங்கள் நிறைய இருந்து, ஈரக்கட்டி ஒன்றுகூட இல்லையென்றால், ஆபீசுக்குப் புறப்படுவதற்கு முன் பூனையை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.