காது திறக்காமல் வாய் திறக்காது

கல்லூரி ஒன்றில் நடந்த மாதிரி நேர்காணலுக்குக் கேள்வி கேட்பவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். எதிரே பொறியியல் இறுதியாண்டு மாணவி. மதிப்பெண்களில் குறையே இல்லை. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதும், மனப்பாடம் செய்துவைத்திருந்த பத்து வரிகளைத் தங்குதடையின்றிச் சொன்னார். அவருடைய பதற்றத்தைக் குறைக்க நினைத்த என் நண்பர், ‘உங்கள் ஊரில் இந்த வருஷம் மழை எப்படி?’ என்று பேச்சுவாக்கில் கேட்டார். மாணவியின் முகம் சட்டென்று வாடியது. இரண்டாம் முறை கேட்டபோதும் ‘ரெயின்’ என்ற ஒரு சொல் மட்டுமே அவருக்குப் பிடிபட்டது. போகும்போது, “எனக்கு இங்கிலீஷ் பேச வராது சார்” என்றார். பேச்சு வராதது அடுத்த கதை. முதலில் கேள்வியே அவர் காதில் ஏறவில்லை.

நம்முடைய ஆங்கிலக் கல்வியின் முழுக் கோளாறும் இந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் பேசவில்லை என்று வருந்துகிறோம். அவர்கள் கேட்பதற்கு நாம் எதையுமே கொடுக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

தலைகீழான வரிசை

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்றுதான் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் மொழித்திறன்களை வரிசைப்படுத்துகின்றன. வகுப்பறைக்குள் நுழைந்ததும் இந்த வரிசை கவிழ்ந்துவிடுகிறது. எழுத்துக்கே முதலிடம், பேச்சு எப்போதாவது, கேட்பதற்கென்று தனி நேரமே கிடையாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்காக மாணவர்கள் மூன்று மணி நேரம் எழுதுகிறார்கள். அதில் காதுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. தேர்வில் இல்லாதது வகுப்பிலும் இருக்காது என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த உண்மை.

நேரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் தமிழில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர்ச்சி பெற 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அவர்களுக்குத் தமிழ் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் நமக்கு ஆங்கிலமும். நாளுக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 200 நாள் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் 1,300 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை மணி நேரமும் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு வினா - விடை எழுதுவதிலேயே கரைந்துபோகிறது.

கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரிவதில்லை. ‘கம்ஃபர்டபிள்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்த மாணவர், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ‘கம்ஃப்டபிள்’ என்று விழுங்கிச் சொல்லும்போது அதை வேறொரு சொல் என்று நினைக்கிறார். தமிழில் ஏறக்குறைய ஒவ்வோர் அசைக்கும் உரிய நேரம் கிடைக்கும். ஆங்கிலம் ஓர் அசையை அழுத்தி, அக்கம்பக்கத்தை நசுக்கிவிடும். அந்த ஓசை ஒழுங்கு பழக்கத்தில்தான் வரும். விதியாக எழுதிப்போட்டு வராது.

இதைப் புரிந்துகொள்ள நம் மொழியையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டு வரும் பிற மாநில ஐஏஎஸ் அதிகாரி தமிழ் கற்றாக வேண்டும். புத்தகத்தில் அவர் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று படிக்கிறார். மனு கொடுக்க வந்த பாட்டியோ, “மூணு மாசமா வந்துட்டிருக்கேன்யா” என்கிறார். தேர்வில் தேறிய அதிகாரிக்குப் பாட்டியின் குறை புரிய, நூற்றுக்கணக்கான பாட்டிகளின் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். நம் மாணவியின் நிலையும் இதுவேதான்.

நம் மண்ணில் நடந்த சோதனை

இதற்கு மாற்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை, என்.எஸ்.பிரபு என்ற மொழிக் கல்வியாளரின் தலைமையில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்குப் புதிர் போன்றவற்றை மாணவர்களிடம் கொடுத்தார்கள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலம் அதற்கான கருவி. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசி ஒரு புதிரை அவிழ்ப்பார். பிறகு அதேபோன்ற இன்னொன்றை மாணவர்கள் தாங்களாகச் செய்வார்கள். மனம் பொருளைத் துரத்தும்போதுதான் இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் அடிப்படைக் கருத்து. பின்னர் நடந்த மதிப்பீட்டில், இலக்கண அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்பினர் முந்தினாலும், மொழியைப் பொருளறிந்து பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்களுக்கே கை ஓங்கியிருந்தது. இந்த அனுபவத்தை வைத்து அவர் 1987இல் எழுதிய நூலை, ‘செயல்வழி மொழிக் கற்பித்தல்’ பற்றிப் பேசும் எவரும் இன்றும் தொடாமல் போவதில்லை. அந்த விதை முளைத்த மண்ணிலோ அதன் சுவடே தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் இதைச் செய்து பார்த்தேன். ரயில் அட்டவணை ஒன்றைப் பலகையில் எழுதி, “இரண்டு மணிக்குச் சென்னையில் கல்யாணம். மதுரையிலிருந்து எந்த வண்டியில் போகலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, “வைகை நோ சார். லேட் கமிங்” என்றான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் விடைதான் முக்கியமாக இருந்தது. “எஸ், த வைகை இஸ் டூ லேட்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். அரைமணி நேரத்தில் அந்த ‘டூ லேட்’ என் வாயிலிருந்து ஏழெட்டு முறை அவன் காதுக்குப் போயிருக்கும். வகுப்பு முடியும் தறுவாயில், இன்னொரு வண்டியைப் பற்றி, “தட் இஸ் டூ லேட் சார்” என்று அவனே சொன்னான். நான் திருத்தவில்லை; அவன் காது திருத்தியது.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது. கனடாவில் மான்ட்ரியல் அருகிலுள்ள செயின்ட் லாம்பெர்ட்டில் 1965இல், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு முழுக்க பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் முறை தொடங்கியது. அங்கிருந்து நாடெங்கும் பரவிய அத்தகைய வகுப்புகளில் படித்த பிள்ளைகள், பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் தாய்மொழியாளர்களை நெருங்கினார்கள். பேச்சில் மட்டும் பிழைகள் தொடர்ந்தன. அவர்கள் வகுப்பில் நீளமாகவும் துல்லியமாகவும் பேச வேண்டிய கட்டாயமே எழவில்லை என்று 1985இல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் விளக்கினார். ஆக, காது வழியே மொழி நிறைய வேண்டும். நிறைந்ததை வெளியே எடுக்கப் பேச்சுக்குத் தேவையும் துணிவும் வேண்டும்.

அந்தத் துணிவைத்தான் நாம் முளையிலேயே கிள்ளுகிறோம். வளாகத்துக்குள் தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளியில் குழந்தை ஆங்கிலம் பேசக் கற்பதில்லை, பேசாமலிருக்கக் கற்கிறது. ஒரு பிழைக்கு வகுப்பே சிரித்தால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த வாய் திறக்காது. ஆங்கிலவழியில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் பொய்க்கிறது. புரியாத மொழியில் அறிவியலை உருப்போடும் குழந்தைக்கு அறிவியலும் வருவதில்லை, ஆங்கிலமும் வருவதில்லை. பாடங்கள் தாய்மொழியில் தெளிவாகப் புரியட்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக ஒழுங்காகக் கற்பிப்போம். இரண்டுக்கும் பகையே கிடையாது.

செய்ய வேண்டியவை

ஆங்கிலப் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் கேட்பதற்கு மட்டும் இருக்கட்டும். ஆசிரியரே ஒரு கதையைச் சொல்லலாம். உச்சரிப்பில் தயக்கமுள்ளவர் நல்ல ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டலாம். அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை இதற்குப் பயன்படுத்தலாம். வாரம் இரண்டு நாளாவது விடை தேட வேண்டிய ஒரு செயல்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுத்தேர்வில் கேட்டலுக்கும் பேச்சுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தத் தெரிந்த அமைப்புக்கு இது முடியாத காரியமா?

பள்ளியைத் தாண்டிவிட்டவர்களுக்கும் வழி இதுதான். எழுத்து வடிவம் கிடைக்கும் ஐந்து நிமிட உரையாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு பார்த்துக்கொண்டே கேளுங்கள். மறுபடி பார்க்காமல் கேளுங்கள். விழுங்கப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். பிறகு அந்தக் குரலோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். தினம் அரைமணி நேரம் விடாமல் செய்தால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

அந்த மாணவிக்கு மழையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். கம்மாய் நிரம்பியதா, பயிர் பிழைத்ததா என்று தமிழில் கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பார். அறிவிலும் அனுபவத்திலும் குறையில்லாத ஒரு பெண்ணை ‘எனக்கு வராது’ என்று சொல்லவைத்தது நாம் நடத்திய 1,300 மணி நேரம். அடுத்து வரும் பிள்ளைகளுக்காவது அதில் பாதியை அவர்களின் காதுக்கும் வாய்க்கும் ஒதுக்குவோம்.